டேவிட் பட்லர் வெறும் புள்ளிவிவரக்காரர்தானா?

வைகைக்கரை:
நண்பர்களே, ஓட்டு எண்ணும் நாளில் டிவி முன்னால் உட்கார்ந்து "ஸ்விங் எவ்வளவு?" (ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டு எவ்வளவு சாய்ந்தது?) என்று கேட்காதவர்கள் இந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். உலகத்துக்கு அந்தக் கேள்வியைப் பழக்கிவிட்டவர் ஆக்ஸ்ஃபோர்டின் பிரிட்டிஷ் தேர்தல் ஆய்வாளர் சர் டேவிட் பட்லர். 1924-இல் பிறந்தவர், 2022 நவம்பர் 8 அன்று 98 வயதில் காலமானார். இன்னொரு இழையில் ஒருவர் அவரை "டிவியில் நம்பர் சொல்கிறவர், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

அப்பா லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் லத்தீன் பேராசிரியர். தாத்தா ஏ. எஃப். பொல்லார்டு பெயர்பெற்ற வரலாற்று ஆசிரியர். பையனுக்கோ சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் சராசரிகள் மீது பித்து. ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜில் சேர்ந்தார், நடுவில் யுத்தம் வந்தது, டாங்கிப் படையில் அதிகாரியாகப் போனார், ரைன் நதியைத் தாண்டினார், திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தார்.

1945 ஜூலையில் சர்ச்சில் தோற்று லேபர் கட்சி 393 சீட்டு பிடித்தது. அன்றைக்குப் பத்திரிகைகள் வேட்பாளர்கள் வாங்கிய ஓட்டு எண்ணிக்கையைப் போடும், சதவீதம் போடாது. பட்லர் உட்கார்ந்து தொகுதி தொகுதியாகச் சதவீதம் போட்டார். கிரிக்கெட்டில் சராசரி பார்த்துப் பழகிய பையனுக்கு மொத்த ரன் மட்டும் போதவில்லை. அதே சமயம் ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்டு கல்லூரி அந்தத் தேர்தலைப் பற்றி ஒரு ஆய்வுநூல் எழுத ஏற்பாடு செய்திருந்தது. எழுதியவர்கள் மெக்கல்லமும் ரீட்மனும். புள்ளிவிவரப் பின்னிணைப்பு இன்னும் பட்டம் வாங்காத இந்த மாணவர் கைக்கு வந்தது.

அங்கே தொடங்கியது 2005 தேர்தல் நூல்வரை விடவில்லை. பின்னிணைப்பு எழுதியவராக, தனி ஆசிரியராக, பிறகு கூட்டாசிரியராக அறுபது வருஷம். 1951 நூல் அவர் தனியாக எழுதியது. அடுத்தடுத்து ரிச்சர்டு ரோஸ், அந்தோணி கிங், பின்டோ-டஷின்ஸ்கி, 1974-லிருந்து டென்னிஸ் கவனா என்று துணை ஆசிரியர்கள் மாறினார்கள். நூலின் அமைப்பு மட்டும் பெரிதாக மாறவில்லை. கட்சிகளின் வியூகம், பிரச்சாரம், கருத்துக்கணிப்பு, பத்திரிகைகள், வேட்பாளர்கள் யார், கடைசியில் முடிவுகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கும் பின்னிணைப்பு. இப்படி ஒரே சட்டகத்தில் அறுபது வருஷத் தேர்தல்களை எழுதிவைத்த நாடு வேறு எது? சும்மா நம்பர் சொன்ன ஆள் செய்கிற வேலையா இது?

பழைய பேப்பர்:
நல்ல இழை, வைகை சார். 1950 கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

1950 ஜனவரியில் எகனாமிஸ்ட் பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு கட்டுரை வந்தது. இரண்டு கட்சிகளின் ஓட்டு விகிதத்தை மும்மடியாக்கினால் சீட்டு விகிதம் கிடைக்கும் என்ற கணக்கைப் பற்றியது. விதி பட்லர் கண்டுபிடித்ததல்ல, 1909-லேயே ஒருவர் அரசு ஆணையத்தின் முன்னால் சொல்லியிருந்தார். யாரும் கவனிக்காமல் கிடந்ததைப் பட்லர் தூசு தட்டி எடுத்தார். அதைப் படித்துவிட்டுச் சர்ச்சில் அவரைச் சார்ட்வெல் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். நாட்டை யுத்தத்தில் நடத்திய கிழவர், 25 வயசுப் பையனை எதிரே உட்காரவைத்து, வரப்போகும் தேர்தலில் தன் கட்சி என்ன ஆகும் என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 600 சீட்டு இருக்கிறது, ஓட்டு 52-க்கு 48. நியாயமாக 312-க்கு 288 வர வேண்டும். 52-ஐயும் 48-ஐயும் மும்மடியாக்கி விகிதம் பார்த்தால் 56-க்கு 44, அதாவது 336-க்கு 264. வித்தியாசம் 24-லிருந்து 72 ஆகிவிடுகிறது. நாலு ஓட்டு முன்னால் போனவனுக்கு இந்தத் தேர்தல் முறை எவ்வளவு தூக்கிக்கொடுக்கிறது என்று அன்றைக்கு எத்தனை அரசியல்வாதிகளுக்குத் தெரிந்திருக்கும்?

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் பி.பி.சி. முதன்முதலாகத் தேர்தல் முடிவுகளை டிவியில் காட்டியது. அதில் பட்லர் இருந்தார். 1979 வரை தேர்தல் ராத்திரிகளில் அவர் முகம் தவறாது. ஐம்பதுகளில் வந்த ஸ்விங்கோமீட்டர் பலகைக்குப் பின்னாலும் அவர் யோசனை உண்டு. அறுபதுகளில் அந்த முள்ளைத் தள்ளிப் பிரபலமாக்கியவர் ராபர்ட் மெக்கன்ஸி.

அரசியல்மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதியது நான்தான், வைகைக்கரை சார். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் என் கருத்தில் மாற்றமில்லை.

நஃபீல்டு நூல்களில் இரண்டு படித்திருக்கிறேன். கட்சித் தலைவர் திங்கள்கிழமை என்ன பேசினார், செவ்வாய்க்கிழமை கருத்துக்கணிப்பு என்ன சொன்னது என்று வரிசையாகப் போகிறது. ஆனால் ஒருவர் ஏன் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்? அரசு யாருக்காக இயங்குகிறது? அதே காலத்தில் மார்க்சிய அறிஞர் ரால்ஃப் மிலிபேண்ட் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருந்துகொண்டு, லேபர் கட்சி நாடாளுமன்றத்தையே கட்டிக்கொண்டு அழுததால் சோஷலிசத்துக்கு என்ன ஆனது என்று எழுதினார். ஒத்துக்கொள்கிறோமோ இல்லையோ, அது ஒரு கேள்வி. பட்லரிடம் அப்படி ஒரு கேள்வியைக் காட்டுங்கள். ஸ்விங் என்பது விளக்கம் இல்லை, அளவு மட்டும்தான்.

வைகைக்கரை:
கோபம் எல்லாம் இல்லைம்மா, நேராக வந்து சொன்னதுக்கு நன்றி. கேள்வி நியாயமானது. ஆனால் "ஏன் ஓட்டுப் போடுகிறார்" என்பதை பிரிட்டனில் முதலில் பெரிய அளவில் கேட்டவரே பட்லர்தான். கூட இருந்தவர் மிஷிகன் பல்கலைக்கழக டொனால்டு ஸ்டோக்ஸ். 1963-இல் நாடு முழுக்கச் சுமார் 2,000 வாக்காளர்களைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கே போய்ப் பேட்டி எடுத்தார்கள். 1964 தேர்தல் முடிந்ததும் அதே ஆட்கள். 1966-இல் மறுபடியும். 1970-இலும். ஒரே மனிதர் ஏழு வருஷத்தில் எப்படி மாறினார் என்று பார்க்கிற வேலை. பிரிட்டிஷ் தேர்தல் ஆய்வு என்று இன்றைக்கும் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் நடக்கிறதே, அதன் விதை இதுதான்.

1969-இல் அதை நூலாகப் போட்டார்கள். முக்கிய வாதம் என்ன தெரியுமா? லேபர் வளர்ந்ததற்கு ஆட்கள் மனசு மாறியது மட்டும் காரணமில்லை, வாக்காளர் பட்டியலே மாறிக்கொண்டிருந்தது. பழைய தலைமுறை வளர்ந்த காலத்தில் லேபர் ஒரு பெரிய கட்சியே இல்லை. தொழிலாளி வீட்டில் பிறந்தாலும் அப்பா லிபரலுக்கோ கன்சர்வேட்டிவுக்கோதான் ஓட்டுப் போட்டிருப்பார், பிள்ளையும் அதே வழி. அவர்கள் காலமாகிக் காலமாகி, லேபர் வீட்டுப் பிள்ளைகள் 21 வயதாகிப் பட்டியலில் ஏறினார்கள். இது விளக்கம் இல்லையா?

அரசியல்மாணவி:
விளக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்சி மீதான பற்று வீட்டிலிருந்து வருகிறது என்ற சட்டகம் ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. அந்த விளக்கமும் நிலைக்கவில்லையே. நூல் வந்த மறுவருஷமே 1970 தேர்தலில் கன்சர்வேட்டிவ் தலைவர் ஹீத் ஜெயித்தார். தலைமுறை மாற்றம் லேபருக்குச் சாதகம் என்றால் அது எப்படி?

பழைய பேப்பர்:
1970-இல் கிட்டத்தட்ட எல்லாக் கருத்துக்கணிப்பும் மண்ணைக் கவ்வியது தங்கச்சி, ஒரே ஒரு நிறுவனம்தான் கன்சர்வேட்டிவ் என்று சொன்னது. பட்லரும் ஸ்டோக்ஸும் என்ன செய்தார்கள் பாருங்கள். 1970 பேட்டிகளையும் சேர்த்து 1974-இல் நூலைத் திருத்தி எழுதினார்கள். வர்க்கத்துக்கும் ஓட்டுக்கும் இருந்த பிடிப்பு தளர்கிறது என்பதை அவர்களே தங்கள் தரவிலிருந்து எடுத்துப் போட்டார்கள். பின்னால் ஐவர் க்ரூ போன்றவர்கள் வர்க்கப் பிடிப்பு அவிழ்ந்துவிட்டது என்று எழுதினார்களே, அவர்களுக்கும் கையில் இருந்தது இந்த வரிசைத் தரவுதான். சட்டகம் அமெரிக்காவிலிருந்து வந்தது உண்மை. வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த பதில்கள் பிரிட்டனுடையவை.

குரோய்டன்காரன்:
வணக்கம். நான் லண்டனிலை கனகாலமா இருக்கிறன், பிறந்தது யாழ்ப்பாணம். இந்த நாட்டிலை தேர்தல் இரவு பத்து மணி எண்டால் வீட்டிலை ஒருத்தரும் படுக்க மாட்டினம். பத்தடிக்கேக்கை எக்ஸிட் போல் வரும். அதைச் சொல்லுறவர் ஜான் கர்டிஸ். அவரும் பட்லரின்ரை நஃபீல்டிலை இருந்து வந்த ஆள்தான். 1979 தேர்தல் நூலிலை மைக்கேல் ஸ்டீடோடை சேர்ந்து பின்னிணைப்பு எழுதினவர். பட்லர் 1945-இலை செய்த அதே வேலை.

அந்த எக்ஸிட் போல் எப்பிடி வேலை செய்யுது எண்டு பாத்தால் பட்லர் எங்கை நிக்கிறார் எண்டு விளங்கும். நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடியளிலை சுமார் 20,000 பேரிட்டைக் கேட்கினம். ஆனா "நாடு முழுக்க இவ்வளவு வீதம்" எண்டு நேராக் கணக்குப் போடுறேல்லை. ஏலுமானவரை போன தேர்தலிலை கேட்ட அதே சாவடிக்குத்தான் திரும்பப் போகினம். அங்கை போனமுறைக்கும் இந்தமுறைக்கும் எவ்வளவு மாறியிருக்கு எண்டதுதான் கணக்கு. பிறகு எந்த மாதிரித் தொகுதியிலை மாற்றம் கூட, எதிலை குறைவு எண்டு பாத்து எல்லாத் தொகுதிக்கும் போடினம். 2019-இலை கன்சர்வேட்டிவுக்கு 368 எண்டு சொல்லிச்சினம், வந்தது 365. 2024-இலை லேபருக்கு 410 எண்டிச்சினம், வந்தது 411. நிலையைப் பாக்காமல் மாற்றத்தைப் பார் எண்ட புத்தி பட்லர் காலத்து ஸ்விங்கிலை இருந்து வந்தது.

வட்டக்கோட்டை:
ஸ்விங் ஸ்விங் என்கிறீர்களே, கணக்கு எப்படி? எனக்கு உண்மையிலேயே தெரியாது.

பழைய பேப்பர்:
ரொம்பச் சுலபம் தம்பி. போன தேர்தலில் கன்சர்வேட்டிவ் 45, லேபர் 40. இந்தத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் 42, லேபர் 46. ஒருவர் 3 இழந்தார், மற்றவர் 6 சேர்த்தார். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4.5. லேபர் பக்கம் 4.5 ஸ்விங். இதற்குப் பட்லர் ஸ்விங் என்றே பெயர்.

ஐம்பதுகளில் இது நாடு பூராவும் ஏறக்குறைய ஒரே அளவில் அடித்தது. வடக்கே ஸ்காட்லாந்தில் நாலு என்றால் தெற்கே இங்கிலாந்தின் டெவனிலும் நாலு. அதனால் முதல் சில தொகுதி முடிவு வந்ததும் ஆட்சி யாருக்கு என்று சொல்ல முடிந்தது.

ஆனால் அதிக ஓட்டு வாங்கியவருக்கே அதிக சீட்டு என்று எல்லா நேரமும் நியாயம் நடக்காது. 1951-இல் லேபருக்கு 48.8 சதவீதம், கன்சர்வேட்டிவ் அணிக்கு 48. சீட்டு? லேபர் 295, கன்சர்வேட்டிவ் 321. அதிக ஓட்டு வாங்கிய லேபர் பிரதமர் அட்லி வீட்டுக்குப் போனார், சர்ச்சில் மறுபடி பிரதமர். 1974 பிப்ரவரியில் அப்படியே தலைகீழ். கன்சர்வேட்டிவுக்கு ஓட்டு அதிகம், லேபருக்கு நாலு சீட்டு அதிகம். லிபரல்கள் 19 சதவீதம் வாங்கி 14 சீட்டோடு நின்றார்கள்.

அரசியல்மாணவி:
அப்படியானால் நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். இரண்டு கட்சி இருந்தவரைதான் பட்லருடைய கருவி ஓடியது. 1974-க்குப் பிறகு மும்மடி விதி செத்தது. கர்டிஸும் ஸ்டீடும் 1982-இல் எழுதியது அதைத்தானே? வடக்கும் நகரங்களும் லேபர் பக்கமும், தெற்கும் கிராமங்களும் கன்சர்வேட்டிவ் பக்கமும் ஒதுங்கின, இழுபறித் தொகுதிகள் குறைந்தன. 2024-இல் லேபர் வெறும் 33.7 சதவீதத்தில் 411 சீட்டு. ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதத்தில் 5. லிபரல் டெமாக்ரட் அதைவிடக் குறைவாக 12.2 வாங்கி 72. இங்கே இரண்டு கட்சி ஸ்விங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வைகைக்கரை:
இந்த இடத்துக்கு வருவீர்கள் என்றுதான் காத்திருந்தேன். பல கட்சி இருக்கிற நாட்டில் பட்லர் என்ன செய்தார் என்பதற்குப் பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது.

எண்பதுகளில் அவர் பிரணாய் ராய், அசோக் லாகிரி இருவரோடும் சேர்ந்து இந்தியத் தேர்தல் முடிவுகளைத் தொகுத்தார். 1984-இல் முதல் தொகுப்பு. (லாகிரி பிற்பாடு மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர், அதற்கும் பிறகு மேற்கு வங்கத்தில் எம்.எல்.ஏ.) பிரிட்டனில் பழகிய ஸ்விங்கை அப்படியே இங்கே இறக்கினால் வேலைக்கு ஆகாது என்று மூவருக்கும் தெரிந்தது. காங்கிரஸ் ஓட்டு ஏறியதா இறங்கியதா என்பது பாதிக் கதைதான். எதிரே இருக்கிறவர்கள் சேர்ந்து நிற்கிறார்களா சிதறி நிற்கிறார்களா என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்கு ஒரு அளவு வைத்தார்கள்: எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு. எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய ஓட்டில், அவற்றில் பெரிய கட்சியின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு? எல்லா எதிர்ப்பு ஓட்டும் ஒரே கட்சிக்குப் போனால் 100. சிதறச் சிதறக் குறையும்.

இப்போது இரண்டு தேர்தலைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1967: காங்கிரஸ் 40.8 சதவீதம், 283 சீட்டு. 1989: காங்கிரஸ் 39.5 சதவீதம், 197 சீட்டு. ஓட்டில் குறைந்தது ஒன்றேகால் சதவீதம். சீட்டில் குறைந்தது 86! அதுவும் 1967-ஐவிட 1989-இல் மக்களவை சற்றுப் பெரியது. காரணம், 1989-இல் வடக்கே ஜனதா தளமும் பா.ஜ.க.வும் பல இடங்களில் தொகுதிப் பங்கீடு செய்து ஒன்றுக்கு ஒன்றாக நின்றார்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தது உத்தரப் பிரதேசத்தில் 85-க்கு 15, பீகாரில் 54-க்கு 4, ராஜஸ்தானில் 25-க்குப் பூஜ்யம். அதே தேர்தலில் தெற்கே காங்கிரஸ் வாரிக்கட்டியது. கர்நாடகத்தில் 28-க்கு 27, ஆந்திரத்தில் 42-க்கு 39. நாடு முழுக்க ஒரே ஸ்விங் என்று பேசினால் இது எதுவுமே கண்ணில் படாது.

பட்லர் அப்போது அறுபது வயதைத் தொட்டவர். தான் முப்பது வருஷமாக டிவியில் பரப்பிய கருவி இங்கே போதாது என்று தெரிந்ததும் அதைப் பிடித்துத் தொங்கவில்லை, இரண்டு இளைஞர்களோடு உட்கார்ந்து புதுசு செய்தார். ஆஸ்திரேலியாவுக்கும் அதே ஈடுபாட்டோடு போய் அந்த ஊர் அரசியலைப் பற்றி எழுதினார். தன் நாட்டு அளவுகோல் வேறு நாட்டில் எங்கே பொருந்தாது என்று பார்த்து மாற்றுகிறவரை அறிஞர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

குரோய்டன்காரன்:
வைகை அண்ணை, நீங்கள் சொன்ன ஒற்றுமைக் குறியீட்டைப் பாத்தவுடனை எனக்கு இலங்கை 1970 தான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன அதே தேர்தல் முறை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 37.9 வீதம், சுதந்திரக் கட்சிக்கு 36.9. கூட வாங்கினவைக்கு 17 ஆசனம், குறைய வாங்கினவைக்கு 91. சிறிமாவோ சமசமாஜக் கட்சியோடையும் கம்யூனிஸ்ட்டுகளோடையும் ஒருத்தருக்கொருத்தர் போட்டி போடாமல் தொகுதியைப் பிரிச்சதுதான் விசயம். பட்லரின்ரை ஆக்கள் செய்த மாதிரிக் கணக்கை இதுக்கும் போட்டுப் பாக்கலாம்.

வட்டக்கோட்டை:
தமிழ்நாடு 2014-க்கும் பொருந்துமா? அ.தி.மு.க. 39-க்கு 37 எடுத்ததே.

பழைய பேப்பர்:
பொருந்தும் தம்பி. அ.தி.மு.க.வுக்கு 44 சதவீதத்துக்கு மேல். மீதி 55-இல் தி.மு.க.வுக்குச் சுமார் 24. அந்த 24-ஐ 55-ஆல் வகுத்தால் குறியீடு நாற்பதைக் கொஞ்சம் தாண்டும். பா.ஜ.க. அணி தனியாக நின்று இரண்டு இடம் பிடித்தது, காங்கிரஸ் தனி, இடதுசாரிகள் தனி. 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட இல்லை.

அரசியல்மாணவி:
இந்தியப் பகுதி எனக்குப் புதிது, வைகைக்கரை சார். அந்தக் குறியீட்டைப் பற்றி வகுப்பில் கேட்டிருக்கிறேன், பின்னால் பட்லர் இருப்பது தெரியாது. 1967-க்கும் 1989-க்கும் போட்ட ஒப்பீடு அருமை. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிகள் ஏன் 1989-இல் சேர்ந்தன, 1971-இல் இந்திராவுக்கு எதிராகச் சேர்ந்தும் ஏன் தோற்றன என்பதற்குக் குறியீட்டில் பதில் இல்லை. மகா கூட்டணி அமைத்தும் இந்திரா 43.7 சதவீதத்தில் 352 எடுத்தாரே. மண்டல் இடஒதுக்கீடும் ராமர் கோயில் (மந்திர்) இயக்கமும் வந்த பிறகு சாதி, மதம் வாரியாக ஓட்டு எப்படிக் கலைந்தது என்பதை இந்தக் கணக்கு தொடாது. எனக்கு அந்தக் கேள்விகள்தான் முக்கியம்.

வைகைக்கரை:
தொடாது, ஒப்புக்கொள்கிறேன். 1971-ஐ விளக்க பாங்குகள் தேசியமயம், மன்னர் மானியத்தை ஒழிக்கும் முயற்சி, கட்சிப் பிளவு எல்லாம் பேசியாக வேண்டும். ஆனால் ஒன்று. "கூட்டணி அமைத்தும் 352" என்று நீங்கள் சட்டென்று சொல்ல முடிகிறதே, அந்த 43.7-ஐயும் 352-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் தொகுதி தொகுதியாகச் சரிபார்த்து, எல்லாத் தேர்தலுக்கும் ஒரே மாதிரி அட்டவணை போட்டுவைத்ததால்தானே. பிரிட்டனுக்கு அவர் 1963-இல் ஆரம்பித்த அரசியல் தகவல் கையேடும் அப்படித்தான். அமைச்சர்கள், தேர்தல்கள், கட்சிகள், 1900-லிருந்து எல்லாம் ஒரே இடத்தில். ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுக்காத நாள் இருக்காது. பின்னாளில் அதைத் தன் மகன் கேரத்தோடு சேர்ந்து புதுப்பித்தார். பி.பி.சி.யில் இருந்த அந்த மகன் 2008-இல் அப்பாவுக்கு முன்னாலேயே போய்விட்டார். மனைவி மெரிலின் பட்லர் இலக்கிய ஆய்வில் இவருக்குச் சளைக்காத பெயர், ஆக்ஸ்ஃபோர்டு எக்ஸெட்டர் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அவரும் 2014-இல் போனார்.

அரசியல்மாணவி:
சரி சார், தரவு இல்லாமல் என் கேள்விக்கும் கால் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். அவரை மிலிபேண்டுக்குப் பக்கத்தில் வைக்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை. ஒரு உதவி: அடுத்த செமஸ்டருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். 1989-ஐ மாநில வாரியாக இந்தக் குறியீட்டோடு பார்க்கலாமா?

வைகைக்கரை:
தாராளமாக. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான் மூன்றையும் ஒரு பக்கம் வையுங்கள், ஆந்திரமும் கர்நாடகமும் மறுபக்கம். தமிழ்நாட்டைத் தனியாகப் பாருங்கள், இங்கே காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்றதால் யாரை எதிர்க்கட்சி என்று எண்ணுவது என்பதே முதல் முடிவு. தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் தொகுதி வாரி ஓட்டு இருக்கிறது. 1984-ஐயும் கூடவே போடுங்கள். அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்கு 49 சதவீதம் இருந்ததால் குறியீடு எப்படி இருந்தாலும் ஜெயித்திருக்கும் தொகுதிகள் நிறைய. அவற்றை விலக்கிவிட்டு, காங்கிரஸ் 35-லிருந்து 45 சதவீதத்துக்குள் நின்ற தொகுதிகளை மட்டும் எடுத்தால் சேர்க்கையின் பலம் துல்லியமாகத் தெரியும். போட்ட பிறகு அட்டவணையை இங்கேயே பதிவிடுங்கள், சேர்ந்து சரிபார்ப்போம்.